பெட்டியில் வராத விமானம்

உலகத்தில் எந்த ஊர் மாடல் கடைக்குள் நுழைந்தாலும் குர்ட் டாங்க் வடிவமைத்த விமானம் ஒன்று அலமாரியில் இருக்கும்: ஃபோக்-வுல்ஃப் 190. 1939-இல் முதலில் பறந்த அந்த ஜெர்மன் போர் விமானத்தை ஏர்ஃபிக்ஸ், டமியா, ஹசெகாவா, ரெவெல், எட்வர்ட் என்று மாடல் கம்பெனிக்காரர்கள் ஆளாளுக்குப் பிளாஸ்டிக் மாடலாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அதே டாங்க் 1956-இல் பெங்களூருவுக்கு வந்து, இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் (இன்றைய ஹெச்.ஏ.எல்.) உட்கார்ந்து, மாருத்தை வடிவமைத்தார். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம் அது. 147 மாருத்கள் இந்த ஊரிலிருந்து வெளியே போயின. அந்தப் பெரிய கம்பெனிகளில் ஒன்றுகூட மாருத்தைத் தொடவில்லை.

பெங்களூருவில் பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிற யாரோடாவது அரை மணி நேரம் பேசிப் பாருங்கள், இந்த வயிற்றெரிச்சல் வெளியே வந்துவிடும். எனக்கும் அது உண்டு. ஆனாலும், எல்லாம் பெட்டியிலேயே வந்துவிடுகிற விமானத்தைவிட, பெட்டியில் வராததைத் தேடிச் செய்வதில்தான் ருசி என்பது என் கட்சி. அதைச் சொல்ல, பெட்டிக்குள் என்ன வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிட் என்று நாங்கள் சொல்வது ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே சாம்பல் நிறப் பாலிஸ்டைரீன் சட்டங்கள். அவற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டு பாதியாக உடற்பகுதி, மேல்-கீழாக இறக்கை, சக்கரங்கள், விமானி இருக்கை, குண்டுகள். தனிப் பையில் நிறமில்லாத கேனப்பி, அதாவது விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடி. சின்னங்களும் எண்களும் அச்சிட்ட, தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால் தாள். எதை முதலில் ஒட்டுவது என்று காட்டும் படக் கையேடு. ஒட்டுவதற்கான சிமெண்டும் பெயிண்டும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். இது தெரியாமல் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலமே மொட்டை மாடியில் பறக்கும் என்று காத்திருந்த மாமாக்கள் உண்டு. பறக்காது. ரிமோட்டும் கிடையாது.

அளவுகளில் மூத்தது 1/72. ஆறடி ஆள் ஓர் அங்குலமாகிற கணக்கு. இங்கிலாந்தில் 1932-இல் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் வந்த மரக் கிட்டுகள் இதைத் தொடங்கிவைத்தன. 1936-இல் ஃப்ராக் கம்பெனியின் பெங்குவின் வரிசை, அதே அளவில் பிளாஸ்டிக்கில் வந்தது. பிறகு போர் வந்து, பொழுதுபோக்கே போர் வேலையாகிவிட்டது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாடல் செய்து தரும்படி கேட்டது. தலைக்கு மேல் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்பதை நிழலுருவை மட்டும் வைத்துச் சொல்லப் பீரங்கிக்காரர்களைப் பழக்குவதற்கு. 1/72 மாடலை 35 அடி தள்ளித் தொங்கவிட்டால், நிஜ விமானம் 2,520 அடி தூரத்தில், அதாவது ஏறக்குறைய அரை மைலில், எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். அதனால்தான் அவற்றுக்குக் கறுப்பு மட்டுமே பூசினார்கள்.

இன்று 1/72-உம் 1/48-உம்தான் அதிகம் ஓடுகின்றன. 11.23 மீட்டர் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் முதலாவதில் 15.6 சென்டிமீட்டர், இரண்டாவதில் 23.4. வாடகை ஃப்ளாட்டில் இருக்கும் ஒருவர் 1/72-இலிருந்து 1/48-க்கு மாறியிருக்கிறார் என்றால் அந்த வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை நடந்து முடிந்திருக்கிறது என்று பொருள்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒட்டுவேலையாகத்தான் தெரிகிறது. நல்ல மாடல் சிமெண்ட் ஒட்டுவதில்லை, கரைக்கிறது. டமியாவின் மெல்லிய சிமெண்டில் இருப்பது பியூட்டைல் அசிட்டேட்டும் அசிட்டோனும். உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால், திரவம் தானே இழுத்துக்கொண்டு ஓடும். சில நொடி கழித்து லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் நூலளவு பிதுங்கும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு நாள் காய்ந்த பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது. 400-இல் ஆரம்பித்து 800, 1200, 2000 என்று ஏறுவது. கண்ணுக்குத் தெரியாத மேடு விரல் நுனிக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விமானத்தின் முதுகை முன்னும் பின்னும் தடவிப் பார்க்கிற ஆளை வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிட்டது என்று விரல் ஒப்புக்கொள்கிற அந்த நேரம், இந்தப் பொழுதுபோக்கின் முதல் சுகம். பெயிண்ட் பூசுவது, காட்சிக்கு வைப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெயிண்ட் என்றதும் நாட் விமானத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ஃபாலண்ட் கம்பெனி வடிவமைத்து, பெங்களூருவில் உரிமம் பெற்றுக் கட்டிய குட்டி விமானம். 1/72-இல் அது உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் நீளம். 1965 போருக்கு முன்பு நாட் விமானங்கள் வெள்ளிப் பளபளப்பில் இருந்தன. மாடல்காரர்களுக்கு வெள்ளிதான் பெரிய பரீட்சை. பச்சையும் பழுப்பும் கலந்த உருமறைப்பு வண்ணம் எத்தனையோ பாவங்களை மறைத்துவிடும். உலோக நிற லாக்கர் பெயிண்டோ 800-ஆம் எண் தாள் விட்டுப்போன கீறலைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும். அதற்குக் கீழே பளபளக்கும் கறுப்பு ஒரு பூச்சு, அதுவும் கண்ணாடி மாதிரி மழமழவென்று அமைய வேண்டும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் லாக்கர் காயும்போது வெளிறிப் பூத்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே சென்னையில் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் கருவி) பிடிக்கும் நண்பர்கள் எங்கள் ஊர்மீது பொறாமைப்படுகிறார்கள். எங்களுக்கும் மழைக்காலம் உண்டு, ஆனால் வருஷத்தின் பெரும்பகுதி காற்று ஒத்துழைக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் மாட்டிக்கொண்டு அடிக்க வேண்டும். துணி மாஸ்க்கால் பயனில்லை.

பிறகு வருவது அளவுச் சண்டை. பெரும்பாலான கிட்டுகளில் தகடுகளின் விளிம்பைக் காட்ட உடல் முழுக்க மெல்லிய கோடுகள் குழித்திருப்பார்கள். ஒரு கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 1/72-இல் அது நிஜத்தில் 14 மில்லிமீட்டர் இடைவெளி. விரல் போகும். அப்படி ஒரு விமானத்தில் யார் ஏறுவார்கள்? அல்சூரில் இருக்கும் ஒரு பெரியவர், ஹெச்.ஏ.எல்.-இல் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னுடைய மாடல் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படி ரிவெட் தெரிஞ்சா இன்ஸ்பெக்டர் எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாரு.” வேகமாகப் போகும் விமானத்தில் ரிவெட்டின், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணியின், தலை தகட்டுக்குள் அமிழ்ந்து மட்டமாக இருக்க வேண்டும், காற்று தடுக்கக் கூடாது. மாடலில் அந்தக் கோட்டையும் புள்ளியையும் அடியோடு விட்டுவிட்டால் பொம்மையாகத் தெரிகிறது; அப்படியே வைத்துக் கறுப்பு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பெயிண்ட், ஊற்றினால் தளவரிசை போட்டது போலாகிவிடுகிறது. எனக்குப் பிடித்தது மங்கலான, ஏறக்குறைய விட்டுவிடலாம் போன்ற கோடு. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்களோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிச் சில கேள்விகள் வர ஆரம்பித்ததும் கையேடு போதாமல் போகிறது. என் கட்சிக்கான வாதம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு ஹாக்கர் ஹண்டர் போர் விமானத்தை இந்திய விமானப்படை ஹண்டராகச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பரில் லோங்கேவாலா பாலைவனத்தில் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்தவை ஜெய்சல்மேரிலிருந்து பறந்த ஹண்டர்கள். கிட்டில் வருவதோ பிரிட்டிஷ் எஃப்.6. நம்முடைய எஃப்.56 அதிலிருந்து வந்ததுதான், ஆனால் தரையிறங்கியதும் விரியும் பிரேக் பாராசூட் உண்டு. அதற்கான உறை வாலடியில், புகைக் குழாய்க்கு மேலே. கிட்டில் அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் துண்டை அறுத்து, புட்டி பூசி, நாமே உருவாக்க வேண்டும். அரை அங்குலம்கூட இல்லாத ஒரு மேட்டுக்காகப் பழைய புகைப்படங்களைத் தேடி, பக்கவாட்டுப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, ஓடுபாதை நீளம், பிரேக் சூடு என்று எங்கெங்கோ போய்விட்டு வருவோம். முடிகிறபோது அந்த விமானம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பார்த்தால் மட்டும் தெரியாது, செய்தால் தெரியும்.

மாருத்துக்கு வருகிறேன். சிறு பட்டறைகள் போட்ட ரெசின் கிட்டுகள் அவ்வப்போது வந்துபோயின. இப்போது கணினியில் வரைந்து ரெசின் பிரிண்டரில் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதில் ஆச்சரியமில்லை. பெரிய கம்பெனிகள் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் எளிது. பிளாஸ்டிக் வார்ப்புக்கான எஃகு அச்சு செய்யப் பெரும் பணம் வேண்டும். அதை மீட்க ஆயிரக்கணக்கான பெட்டி விற்க வேண்டும். மூன்று ஸ்குவாட்ரன்கள் (விமானப்படைப் பிரிவுகள்) மட்டும் ஒரே நாட்டில் ஓட்டிய விமானத்துக்கு, ஜப்பானிய மாடல் கம்பெனிகள் இருக்கும் ஷிசுவோகாவில் யாரும் அந்தப் பணத்தைப் போடமாட்டார்கள். 20,000-க்கு மேல் கட்டப்பட்ட ஃபோக்-வுல்ஃபுக்குப் போடுவார்கள்.

ஆக, மாருத் செய்ய விரும்புகிறவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெங்களூருவாசிகளுக்கு அது பஸ் பிடித்தால் ஆகிற காரியம். கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் வெளியே ஒன்று நிற்கிறது. பழைய விமான நிலையச் சாலையில் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் இன்னொன்று. பக்கத்தில் நின்று பார்க்கும்போது முதலில் தோன்றுவது, இவ்வளவு நீளமா என்பது: கிட்டத்தட்ட 16 மீட்டர். இறக்கையோ நுனிக்கு நுனி 9 மீட்டர்தான். இறக்கை சேரும் இடத்தில் உடல் இடுப்புப் போல உள்வாங்கியிருக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுத் தடை திடீரென்று ஏறாமல் இருக்க, முன்னிருந்து பின்வரை குறுக்குவெட்டுப் பரப்பு சீராக மாற வேண்டும் என்ற விதியின்படி அமைத்தது. மாக் 2, அதாவது ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்கென்று வரைந்த உடல். வாலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு குழாய்கள். ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள், பின்எரிப்பு (புகைக் குழாயில் கூடுதல் எரிபொருள் எரித்து உந்துதலைக் கூட்டுவது) இல்லாதவை. நாட் விமானத்திலும் ஓடியது ஆர்ஃபியஸ் குடும்பம்தான். மாருத்துக்காகத் திட்டமிட்டிருந்த வலுவான ஆர்ஃபியஸ் 12 எஞ்சினைப் பிரிட்டன் பாதியில் கைவிட்டது. அதன் உருவாக்கச் செலவை ஏற்க டில்லி முன்வரவில்லை. எகிப்தில் உருவாகிக்கொண்டிருந்த ஓர் எஞ்சினை மாட்டிக்கூடச் சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் நின்றுபோயிற்று. கடைசிவரை மாருத் ஒலியின் வேகத்தைத் தொட்டுக்கொண்டு திரும்பியதோடு சரி. இதையெல்லாம் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். ஆனால் அந்த மெல்லிய உடலை உப்புத்தாளால் இழைத்துவிட்டு, கடைசியில் அந்த இரண்டு சின்னக் குழாய்களை வாலில் பொருத்தும்போதுதான், எது எதற்குப் போதவில்லை என்பது கைக்குப் புரிகிறது.

டாங்க் செய்த இன்னொரு காரியம் மாடல்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. மாருத்தைக் கட்டுவதற்கு முன் அதன் 1/1 மாடல் ஒன்றை மரத்தில் செய்தார்; எஞ்சின் இல்லாமல், முழு அளவில், இரண்டு பேர் உட்காரும்படி. 1959-இல் அதை ஒரு டகோட்டா விமானம் வானில் இழுத்துக்கொண்டு போய் விட்டது. அது மிதந்து இறங்கியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 1961 ஜூன் 17 அன்று நிஜ மாருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டவர் சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரியில் மாருத் சோதனைப் பறப்பொன்றில் விபத்தில் இறந்தார். பழைய மெட்ராஸ் ரோட்டையும் பழைய ஏர்போர்ட் ரோட்டையும் இணைக்கும் சாலைக்கு அவர் பெயர்தான். மாடல் என்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால், பெங்களூருவின் பேலூர் பகுதியிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தையும் காட்டலாம். 1967-இலிருந்து அங்கே உலோக மாடல்களைக் காற்றில் நிறுத்தி அளந்துகொண்டிருக்கிறார்கள். தேஜஸ் போர் விமானமும் அந்த வழியாக வந்ததுதான்.

அருங்காட்சியக விமானத்தின் வடிவத்தை நம்பலாம். வண்ணத்தை நம்பக் கூடாது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானத்துக்கு அவ்வப்போது யாரோ பெயிண்ட் அடிக்கிறார்கள், கிடைத்த பச்சையை எடுத்து, கேட் கம்பிக்கு அடிப்பது மாதிரி. சேவையில் இருந்த காலத்து வண்ணப் புகைப்படம் கிடைத்தாலும் ஃபிலிம் மங்கியிருக்கும். ஆதாரமாக மிஞ்சுவது சில வரிசை எண்களும் ஸ்குவாட்ரன் சின்னங்களும்.

சின்னங்களும் வரலாறு பேசுகின்றன. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் பறந்த நம் ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே இருக்க வேண்டிய சிவப்பு இருக்காது. நீலமும் வெளிர் நீலமும்தான். ஜப்பானியர்களின் சிவப்பு வட்டம் என்று நினைத்து நம்மவரே சுட்டுவிடக் கூடாதே என்று எடுத்துவிட்டார்கள். கிட்டில் பிரிட்டிஷ் சின்னம் வருகிறது என்பதற்காக அதை ஒட்டினால் விமானம் ஐரோப்பாவுக்குப் போய்விடும். ஜெர்மன் விமானக் கிட்டுகளில் வேறு வேடிக்கை. ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைக் காட்டத் தடை என்பதால் ஸ்வஸ்திகாவை டெக்கால் தாளில் விட்டுவிடுவார்கள், அல்லது இரண்டு துண்டாக வெட்டி அச்சிட்டிருப்பார்கள். பூஜை அறைக் கதவில் அதே சின்னம் இருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த இரண்டு துண்டுகளைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தனி அனுபவம். நான் சேர்ப்பதில்லை.

பெட்டிக்கு வெளியே இருக்கும் கதைகளில் எனக்குப் பிரியமானது லிபரேட்டர். போர் முடிந்து பிரிட்டிஷ் விமானப்படை கிளம்பியபோது கான்பூரில் ஏராளமான பி-24 குண்டுவீச்சு விமானங்களை விட்டுச் சென்றது. சும்மா விடவில்லை, மறுபடி பறக்கக் கூடாதென்று சிதைத்துவிட்டு. பெங்களூருவிலிருந்து ஹெச்.ஏ.எல். ஆட்கள் போய், ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாற்றி, பறக்கிற அளவுக்கு ஒட்டுப்போட்டு, ஒவ்வொன்றாகப் பெங்களூருவுக்கு ஓட்டிவந்து முழுதாகப் புதுப்பித்தார்கள். 1948-இல் அவற்றை வைத்தே இந்தியாவின் கனரகக் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் தொடங்கியது. 1968 வரை பறந்தன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் சில லிபரேட்டர்கள் அப்படி இங்கிருந்து போனவை. 1/72-இல் அதன் இறக்கை 46.6 சென்டிமீட்டர். மூக்கில் சக்கரம் வைத்த விமானம் என்பதால் முன்பக்கம் எடை திணிக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துகொள்ளும். மீன்பிடிக் கடையில் கிடைக்கும் ஈயக் குண்டுகள் இதற்கு உதவும். உடலை ஒட்டி மூடுவதற்கு முன்பே போட வேண்டும்.

ஆளைக் கொல்வதற்குச் செய்த யந்திரத்தை உட்கார்ந்து அழகு பார்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, பதில் சொல்லி முடிக்க முடியாதது. பயணிகள் விமானக் கிட்டுகளும் இருக்கின்றன, நான் செய்ததில்லை. போர் விமானத்தின் ஒவ்வொரு வளைவும் ஏதோ ஒரு நெருக்கடியில் பிறந்தது, அதுதான் இழுக்கிறது. கூடவே, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் விமானத்தில் ஏறி, பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்களைத் தனியாக எதிர்கொண்டு இறந்த நிர்மல் ஜித் சிங் செகோன், பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானில் இறங்கிவிட்ட நாட் இப்போதும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எந்த நாட் விமானத்தை மேசையில் வைக்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுக்கும்போதே எந்தக் கதையைச் சொல்லப்போகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல கிட் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. சுங்கத்தில் அளவு மாடல்களுக்கும் பொம்மைகளுக்கும் ஒரே தலைப்பு. அதன் மீதான வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது, 2023-இல் 70. டயப்பர் கட்டின குழந்தை வாயில் வைக்கும் கிலுகிலுப்பையும் பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று பெட்டியிலேயே அச்சிட்ட மிக்-21-உம் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதனால் கிட்டை நாங்கள் வீணாக்குவதில்லை. கட்டி முடிக்காமல் பீரோ மேல் அடுக்கிவைப்பதை வீணாக்குவதில் சேர்க்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: 1/72-இல் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று, அண்மை வருஷங்களில் அச்சு செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். பழைய அச்சுகள் பெட்டிப் படத்தை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வரும். கத்தியை விட, சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டியெடுக்கும் நல்ல நிப்பர் முக்கியம். உப்புத்தாள் எஸ்.பி. ரோடு பக்கம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஹாபி கடையில் அதற்கு மூன்று மடங்கு கொடுக்க வேண்டாம். ஏர்பிரஷ் அவசரமில்லை, முதல் ரெண்டு மூன்று விமானங்களுக்கு ஸ்பிரே டின்னும் பிரஷ்ஷுமே போதும். வெள்ளி நிற விமானம் வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். இரண்டு அடுக்கு இறக்கை விமானமும் வேண்டாம். அதற்கு இறக்கைக்கு இறக்கை கம்பி கட்ட வேண்டும், நீட்டி இழுத்த மெல்லிய நைலான் நூலில்.